எல்ஆர்டியை நம்பிப் பொங்கோலில் வீடு வாங்கலாமா?

மீனா_சிராங்கூன் எழுதியது:

வணக்கம். நாங்கள் இப்போது சிங்கப்பூரில், சிராங்கூனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்தமாக ஒரு மறுவிற்பனை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வீடுகள் பிடித்திருக்கின்றன. ஒன்று பொங்கோல் கிழக்கில், கடலூர் எல்ஆர்டி (வட்டாரத்துக்குள் ஓடும் சின்ன ரயில்) நிலையத்துக்கு எதிர் புளோக். இன்னொன்று செங்காங் எம்ஆர்டி (பெரிய ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம். ஆனால் ஓர் அறை குறைவு, கட்டடமும் பழசு, விலையோ கூடுதல்.

வீட்டில் நாங்கள் இருவர், மூன்று வயதுப் பையன், அத்தை. அத்தைக்கு முழங்கால் வலி. இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவை லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குப் போய் மீன், வெற்றிலை வாங்கி, தெரிந்தவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. கணவருக்கு வேலை ஒன்-நார்த்தில்.

கொழுந்தனார் எல்ஆர்டி ஓடுகிற புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறார். "அந்தப் பொம்மை ரயிலை நம்பி வீடு வாங்காதீங்க அண்ணி" என்கிறார். வீட்டைக் காட்டிய தரகரோ "எம்ஆர்டிக்கு 5 நிமிஷம்தான்" என்று சத்தியம் செய்யாத குறை. நான் எல்ஆர்டியில் போனது உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு மட்டும்தான். தினமும் போய் வருகிறவர்கள் சொல்லுங்கள், யார் பேச்சைக் கேட்பது?


ஓயாசிஸ்_பக்கத்தில் எழுதியது:

தரகர் சொன்ன 5 நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம். அதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். வீட்டிலிருந்து லிஃப்டில் இறங்க வேண்டும், சாலையைக் கடக்க வேண்டும், எல்ஆர்டி நிலையத்துக்கு மேலே ஏற வேண்டும், வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பொங்கோல் போய்ச் சேர்ந்த பிறகு மேலேயிருந்து தரைக்கு வந்து, அங்கிருந்து தரைக்குக் கீழே வடகிழக்கு எம்ஆர்டி ரயிலின் நடைமேடை வரைக்கும் இறங்க வேண்டும். நேரம் போவது இதில்தான். வண்டி ஓடுகிற நேரம் ஒரு பெரிய விஷயமே இல்லை.

கடலூர் நிலையத்தைப் பற்றி: பொங்கோல் கிழக்குச் சுற்றில் கோவ், மெரிடியன், கோரல் எட்ஜ், ரிவியேரா, கடலூர், ஓயாசிஸ், டமாய் என்று ஏழு நிலையங்கள். டமாய் வழியாகப் போகும் வண்டியில் ஏறினால் கடலூர் மூன்றாவது நிறுத்தம். கோவ் வழியாகப் போவதில் ஏறினால் ஐந்தாவது. மாற்றி ஏறினாலும் வீட்டுக்கு வந்துவிடலாம், கொஞ்சம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். ஆனால் மேற்குச் சுற்றில் ஏறிவிட்டால் கதை வேறு. அது சாம் கீ, சூ டெக் பக்கமெல்லாம் போய்விட்டுத் திரும்பப் பொங்கோலுக்கே கொண்டுவந்து விடும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு நிலையத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. "கிழக்குச் சுற்று, டமாய் வழி" என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், வாங்கலாம். நான் இங்கே வந்ததில் வருத்தம் இல்லை.


பேருந்துப்_பிரியன் எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

எல்ஆர்டி என்பது ஒரே வளையம். வளையத்தில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிற வண்டிக்கு விலகிப் போக இடம் கிடையாது. மின்சாரம் போனால் அந்தப் பக்கத்து நிலையங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முடங்கும். பேருந்து ஒன்று பழுதானால் அடுத்த பேருந்து அதைத் தாண்டி வந்துவிடுமே. அதோடு முழங்கால் வலி உள்ளவருக்கு எது வசதி? பேருந்து நிறுத்தம் தரையில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்து, ஏறினால் முன்பக்கமே முதியோர் இருக்கை. எல்ஆர்டிக்கு முதலில் மாடி ஏற வேண்டும், ஏறினாலும் உட்கார இடம் குறைவு, வண்டியே நின்றுகொண்டு போவதற்காகச் செய்தது.

மீனா அக்கா, அந்தக் கடலூர் புளோக்கின் கீழே எந்தப் பேருந்து வருகிறது, அது எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். வீடு வாங்குகிறவர்கள் ரயில் வரைபடத்தை மட்டும் விரித்துப் பார்க்கிறார்கள், பேருந்து எண்ணை யாரும் கேட்பதில்லை.


பாஞ்சாங்_பழையவர் எழுதியது:

மீனாம்மா, உங்கள் கொழுந்தனார் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது எங்கள் வட்டாரத்துக் கதை, பொங்கோலுக்கு அப்படியே பொருந்தாது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி எங்களுடையது. 1999 நவம்பர் 6-ஆம் தேதி திறந்தார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே புக்கிட் பாஞ்சாங்கில் அரசாங்க வீடமைப்பான வீவக புளோக்குகள் எழும்பி, சாலைகள் போட்டு, சனங்கள் குடிவந்தாயிற்று. அப்புறம்தான் இந்த ரயிலைக் கொண்டுவந்து இருக்கிற இடைவெளிக்குள் நுழைத்தார்கள். சாலை வளைகிற இடத்தில் எல்லாம் பாதையும் வளையும். மேடு பள்ளத்துக்கும் குறைவில்லை. சுவா சூ காங்கிலிருந்து ஃபீனிக்ஸ் வரும்வரை கம்பியைப் பிடிக்காமல் நின்று பாருங்கள், தெரியும். அன்றைய போக்குவரத்து அமைச்சர் கோ பூன் வானே இந்தப் பாதையை ரோலர் கோஸ்டரோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஓடும் எம்ஆர்டி மாதிரி இல்லை இது. கான்கிரீட் பாதையில் ரப்பர் டயரில் ஓடுகிறது, நடுவில் ஒரு வழிகாட்டித் தண்டவாளம். இப்படிப்பட்ட வண்டிகளை விமான நிலைய முனையங்களுக்கு இடையே பார்க்கலாம். அங்கே சமதரையில் கொஞ்ச தூரம் போய்விட்டு நிற்கும். இங்கே ஒரு நகரத்து மக்களையே காலையிலும் மாலையிலும் ஏற்றி, சரிவிலும் வளைவிலும் ஓடவிட்டார்கள். அதனால்தான் தேய்மானமும் பழுதும் அதிகம்.

2016 வாக்கில் இதை என்ன செய்வது என்றே யோசித்தார்கள். எடுத்துவிட்டுப் பேருந்தே விடலாமா, பழையபடி மின்தண்டவாளம் உள்ள முறையையே புதுப்பிக்கலாமா, மின்கலத்தில் தானே ஓடும் வண்டிகள் கொண்டுவரலாமா என்று மூன்று வழிகள் பேசப்பட்டன. பேருந்துப்_பிரியன் தம்பி கவனிக்கவும், உங்கள் கட்சி மேசைவரைக்கும் வந்தது! எங்கள் தெருக்களின் அகலத்துக்கு அத்தனை பேருந்துகள் கூடுதலாக வந்தால் சந்திகளில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் 2018-இல் புதுப்பிப்பது என்று முடிவானது. 344 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம். புதிய சமிக்ஞை முறை, புதிய மின்தண்டவாளம், புதிய வண்டிகள். 2024 ஆகஸ்டிலிருந்து புதிய வண்டிகள் ஓடத் தொடங்கின. இப்போது அவற்றில் ஏறினால் வித்தியாசம் தெரிகிறது. குலுக்கல் முழுவதும் போகாது, பாதை அதே பாதைதானே.

இதற்கிடையில் 2015 டிசம்பரில் டௌன்டவுன் எம்ஆர்டி ரயில்பாதை எங்கள் ஊருக்கு வந்தது. அதற்குமுன் எம்ஆர்டி வேண்டுமானால் எல்லோரும் சுவா சூ காங்குக்குத்தான் போக வேண்டும். இன்று பாதிப் பேர் புக்கிட் பாஞ்சாங் நிலையத்திலேயே இறங்கிக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் எல்ஆர்டியை வாழத் தகுந்ததாக மாற்றியது அதுதான். வண்டியை மாற்றியது இரண்டாவது.

செங்காங்கும் பொங்கோலும் அப்படி இல்லை. அங்கே நகரத்தை வரையும்போதே எல்ஆர்டியையும் சேர்த்து வரைந்தார்கள். பெரும்பாலும் அகலமான சாலையின் நடுவில் தூண் நட்டு, மேலே பாதை போட்டு, சுற்றிலும் புளோக்குகளை வைத்தார்கள். வண்டியும் வேறு, மிட்சுபிஷி செய்தது. ஆகவே உங்கள் கொழுந்தனாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போய்ப் பொங்கோல் கிழக்குச் சுற்றை முழுதாகச் சுற்றிக் காட்டுங்கள். பிறகு பேசச் சொல்லுங்கள்.


ஜெலப்பாங்_கவின் எழுதியது:

ஐயா, கண்ணாடியை விட்டுவிட்டீர்களே! எங்கள் வண்டியில் வீடுகளுக்கு மிக அருகே போகும்போது சன்னல் கண்ணாடி தானாகவே வெள்ளையாக மாறிவிடும், உள்ளேயிருந்து யாரும் அடுத்தவர் வீட்டை எட்டிப்பார்க்க முடியாது. என் பிள்ளைகளுக்கு அது இன்னும் மாயம்தான். பொங்கோல்காரர்களுக்கு இது கிடையாது.


ஓயாசிஸ்_பக்கத்தில் எழுதியது:

எங்களுக்குத் திரைச்சீலை இருக்கிறது தம்பி.


பாஞ்சாங்_பழையவர் எழுதியது:

கவின், டென் மைல் ஜங்ஷனையும்தான் விட்டுவிட்டேன். ஒரு கடைத்தொகுதிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்த நிலையம். 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். 14 நிலையங்கள் 13 ஆயின. கூட்டமே இல்லாத நிலையம், யாரும் அழவில்லை. எனக்கு மட்டும் அங்கே குளிர்சாதனத்தில் நின்று வண்டி ஏறுவது பிடிக்கும்.


ரிவர்வேல்_சரோஜா எழுதியது:

எல்லோரும் ரயிலைப் பற்றியே பேசுகிறீர்கள், அத்தையை மறந்துவிட்டீர்கள்.

மீனா, என் அம்மா எங்களோடு செங்காங் கிழக்குச் சுற்றுப் பக்கம் பல வருஷம் இருந்தார். அவருக்கும் முழங்கால்தான். நான் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் லிஃப்ட். எல்ஆர்டி நிலையம் சாலைக்கு மேலே இருக்கும், இரண்டு பக்கமும் இறங்கலாம். உங்கள் புளோக் இருக்கிற பக்கம் லிஃப்ட் எங்கே இருக்கிறது, அதுவரைக்கும் கூரை போட்ட நடைபாதை உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் கைத்தடி என்றால் அவர்கள் வெளியே கிளம்பவே மாட்டார்கள்.

அடுத்தது, இடைப்பட்ட எல்ஆர்டி நிலையங்களில் பெரும்பாலும் ஊழியர் யாரும் இருக்க மாட்டார். வண்டியிலும் ஓட்டுநர் கிடையாது. ஏதாவது என்றால் பொத்தானை அழுத்திப் பேச வேண்டும், கட்டுப்பாட்டு நிலையத்தில் இருப்பவர் பதில் சொல்வார். ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேசுகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லை. என் அம்மாவுக்கு அது பெரிய பயம். கைப்பேசியில் என் எண்ணை ஒரே அழுத்தில் போகும்படி வைத்துக்கொடுத்தேன், அப்புறம்தான் தனியாகப் போனார். கழிவறைக்கும் பொங்கோலோ செங்காங்கோ வந்துதான் ஆக வேண்டும்.

எம்ஆர்டி நடைமேடையில் இருப்பதுபோல் திறந்து மூடும் கதவு எல்ஆர்டியில் இல்லை. தடுப்புகள் இருக்கின்றன, ஆனால் வண்டிக்கதவு வந்து நிற்கும் இடத்தில் இடைவெளி திறந்தேதான் இருக்கும். மூன்று வயதுப் பையன் என்கிறீர்களே, மேடையில் கையை விடாதீர்கள். ஓட்டுநர் இல்லாததால் முன் சன்னலோரம் நின்று பாதையைப் பார்க்கலாம் என்று பிள்ளைகள் ஓடுவார்கள். வண்டி வருவதற்குமுன்பே ஓடுவார்கள், அதுதான் சிக்கல்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மேடைக்கும் வண்டித் தரைக்கும் உயரம் சமம், படி ஏற வேண்டியதில்லை. தள்ளுவண்டியை மடக்காமல் உருட்டிக்கொண்டே ஏறலாம். எங்கள் பக்கம் ரிவர்வேல் கிரசென்ட்டில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் அம்மா எல்ஆர்டியில் தனியாகவே போய் வந்துவிடுவார். பேருந்து என்றால் அது கிளம்பும்போது குலுக்கும் குலுக்கலில் இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிடுவோமோ என்று பயப்படுவார். ஆகவே பேருந்துப்_பிரியன், தாழ்தளம் மட்டும் போதாது.


பேருந்துப்_பிரியன் எழுதியது:

சரோஜா அக்கா, அது நியாயம். பேருந்து ஓட்டுநர் பயணி உட்காரும்வரை பொறுத்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கேள்வி காலை நேரத்தைப் பற்றியது. கணவர் ஒன்-நார்த்துக்குத் தினமும் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் எல்ஆர்டி தாங்குமா? ஒரு பெட்டிக்கு 105 பேர் என்கிறார்கள். 105 பேர் எங்கே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, முதுகுப்பையோடு நின்றால் அதில் முக்கால்வாசிப் பேரே ஏற முடியும்.


செங்காங்_முதல்நாள் எழுதியது:

செங்காங் கிழக்குச் சுற்று 2003 ஜனவரியில் திறந்தபோதே ஏறியவன் நான். அப்போது வடகிழக்கு எம்ஆர்டியே திறக்கவில்லை, அது அதே ஆண்டு ஜூனில்தான் வந்தது. சில மாதங்களுக்கு எங்கள் எல்ஆர்டி பேருந்து முனையத்துக்கும் கடைத்தொகுதிக்கும்தான் ஆள் கொண்டுவந்தது. காலியாக ஓடும். இதற்கு ஏன் இத்தனை செலவு என்று காப்பிக்கடையில் பேசிக்கொள்வார்கள். மேற்குச் சுற்றும் பொங்கோல் கிழக்குச் சுற்றும் 2005-இல் வந்தன. பொங்கோல் மேற்கு 2014-இல்தான். அதிலும் ஆளில்லாத இடங்களில் கட்டிய நிலையங்களைப் பூட்டியே வைத்திருந்தார்கள். டெக் லீ நிலையம் 2024 ஆகஸ்டில்தான் திறந்தது. கட்டி எத்தனை வருஷம் சும்மா கிடந்தது பாருங்கள்.

பிறகு புளோக் மேல் புளோக்காக வந்தது. ஒற்றைப் பெட்டி போதவில்லை. இரண்டு பெட்டிகளை இணைத்து ஓட்டினார்கள். அதுவும் போதாமல் 25 புதிய இரட்டைப் பெட்டி ரயில்கள் வாங்க முடிவு செய்து, 2025-இல் முதல் வண்டிகள் ஓடத் தொடங்கின. பணிமனையையும் பெரிதாக்குகிறார்கள். பழைய முதல் தலைமுறைப் பெட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

இது எல்லாம் நல்லது. ஆனால் மீனா, இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலையில் எல்ஆர்டியில் யாருக்கு இடம் கிடைக்கும் என்பது வளையத்தில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எம்ஆர்டிக்கு மாறுகிற முனையத்திலிருந்து தொலைவில் இருப்பவர்கள் முதலில் ஏறுகிறார்கள், இடம் இருக்கும். முனையத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இருப்பவர்களுக்கு வண்டி நிரம்பித்தான் வரும். ஆனால் அவர்களால் நடந்தே போய்விட முடியும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் பாவம், நடக்கவும் தூரம், ஏறவும் இடமில்லை. கடலூர் அந்த நடுப்பகுதியின் நல்ல முனையில் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் நிரம்பி வருவது ரிவியேரா பக்கத்துக் கூட்டம் மட்டும்தான். ஓயாசிஸ், டமாய் பக்கம் போகப் போக நெருக்கும்.

ஓயாசிஸ்_பக்கத்தில், நீங்கள் இதைச் சொல்லவில்லையே?


ஓயாசிஸ்_பக்கத்தில் எழுதியது:

சொன்னால் என் வீட்டு விலை குறைந்துவிடுமே, அண்ணே.

சும்மா சொன்னேன். எட்டு மணிவாக்கில் ஓயாசிஸில் நெருக்கித்தான் ஏறுகிறோம். அவசரம் இல்லாத நாளில் சிலர் எதிர்த்திசை வண்டியில் ஏறி, கோவ் வழியாகச் சுற்றிப் போவதும் உண்டு. நேரம் அதிகம் பிடிக்கும், மூச்சு விடலாம்.


அட்டைக்கணக்கு எழுதியது:

காசு விஷயம் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

வேலை நாளில் காலை 7:45-க்கு முன் எந்த எம்ஆர்டி அல்லது எல்ஆர்டி நிலையத்திலாவது பயண அட்டையைத் தட்டி உள்ளே போனால் கட்டணத்தில் 50 காசு வரை கழிவு உண்டு. இதில் எல்ஆர்டி வீட்டுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். நேரம் கணக்காவது முதல் ரயில் நிலையத்தில் தட்டும்போது. கடலூரில் 7:40-க்குத் தட்டினாலே போதும். பேருந்தில் வருகிறவர் 7:40-க்குப் பேருந்தில் தட்டியிருந்தாலும் எம்ஆர்டி வாசலுக்கு வரும்போது 7:50 ஆகிவிட்டால் கழிவு போச்சு. வேலை நாள் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், வருஷக் கடைசியில் தீபாவளித் துணிக்கு ஆகும்.

எல்ஆர்டி, எம்ஆர்டி, பேருந்து என்று மாறி மாறிப் போனாலும் தூரத்துக்குத்தான் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் புதிதாக முதலிலிருந்து எடுக்க மாட்டார்கள். நிபந்தனை இரண்டு மணி நேரத்துக்குள், ஐந்து மாற்றத்துக்குள் இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏற 45 நிமிடம். ஆனால் ஒரு ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து இன்னொரு ரயில் நிலையத்துக்குள் போவதாக இருந்தால் 15 நிமிடம்தான். புக்கிட் பாஞ்சாங்கில் டௌன்டவுன் பாதையிலிருந்து எல்ஆர்டிக்கும், தெம்பனிஸில் இரண்டு எம்ஆர்டிக்கு நடுவிலும் இப்படி வெளியே வந்துதான் போக வேண்டும். வழியில் ஹில்லியன் கடைத்தொகுதியில் ரொட்டி வாங்க நின்றால் கணக்கு உதைக்கும்.

அத்தைக்கு முதியோர் சலுகை அட்டை இருக்கும். வாசலில் மிச்சத்தொகை தெரிகிற பழைய முறை அட்டையாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாசலில் மிச்சத்தொகை காட்டாத சிம்பிளிகோ என்ற புதிய முறைக்கு எல்லோரையும் மாற்றப்போவதாகச் சொல்லி, மக்கள் முணுமுணுத்து, 2024 ஜனவரியில் அரசாங்கம் அந்த முடிவை மாற்றிக்கொண்டது, பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகச் செலவாகும் என்றும் சொன்னார்கள். முதியவர்களுக்கு அந்த எண் கண்ணில் படுவது முக்கியம். "எவ்வளவு இருக்குன்னு தெரியாம எப்படி ஏறுறது?" என்று என் தாத்தா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.


மீனா_சிராங்கூன் எழுதியது:

அப்பாடா, இவ்வளவு பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி ஒரு வேலை நாள் காலையில் அத்தையையும் பையனையும் அழைத்துக்கொண்டு கடலூருக்கே போய் நின்றோம். செங்காங்_முதல்நாள் ஐயா சொன்னது சரிதான், கடலூரில் நிற்க இடம் கிடைத்தது. ஓயாசிஸில் நெருக்கினார்கள், டமாயில் சிலரால் ஏறவே முடியவில்லை. பொங்கோல் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மின்படிக்கு ஓடுகிறார்கள். லிஃப்டுக்குத் தள்ளுவண்டிகளின் வரிசை. அதில்தான் எங்களுக்கு நேரம் போனது. வடகிழக்கு ரயிலில் நின்றுகொண்டுதான் போனோம். ஒரு மாணவி அத்தைக்கு எழுந்து இடம் கொடுத்தாள்.

பத்து மணிக்குமேல் திரும்பி வரும்போது வேறு உலகம். எல்ஆர்டியில் உட்கார்ந்தே வந்தோம். பையன் முன்னால் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அத்தை "இதுவே போதும்" என்று சொல்லிவிட்டார். கணவர்தான் இன்னும் செங்காங் வீட்டையே பார்க்கிறார். தினமும் இரண்டு தடவை மாறுவது அலுப்பு என்கிறார். அவருக்கு ஒரு மடக்கு மிதிவண்டி வாங்கி, கடலூரிலிருந்து பொங்கோல் நிலையம் வரை அதில் போகலாம் என்று ஒரு யோசனை. அதை எம்ஆர்டிக்குள் கொண்டுபோகலாமா? பிறகு ஒன்-நார்த்துக்குச் சிராங்கூனில் மாறுவது எப்படி இருக்கும்?


செங்காங்_முதல்நாள் எழுதியது:

மடக்கினால் 120 சென்டிமீட்டர் நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குள் இருந்தால் எந்த நேரமும் கொண்டுபோகலாம், நெரிசல் நேரத் தடை இல்லை. நிலையத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் மடக்கியே வைத்திருக்க வேண்டும். ஆனால் காலை எட்டு மணிக்குப் பொங்கோலில் மிதிவண்டியோடு ஏறினால் சட்டம் ஒன்றும் செய்யாது, பக்கத்தில் நிற்பவர் பார்க்கும் பார்வைதான் தாங்காது. பொங்கோல் நிலையத்திலேயே நிறுத்திப் பூட்டிவிட்டுப் போவது உத்தமம்.

சிராங்கூனில் வடகிழக்குப் பாதையிலிருந்து வட்ட எம்ஆர்டி பாதைக்கு மாறுவது கொஞ்சம் நடை. உங்களுக்குத் தெரிந்த நிலையம்தானே. அங்கிருந்து ஒன்-நார்த்துக்கு நேரடி ரயில். எந்தப் பெட்டியில் ஏறினால் மின்படிக்கு எதிரே இறங்கலாம் என்று இரண்டு நாளில் அவருக்கே பிடிபட்டுவிடும், இங்கே எல்லோரும் அப்படித்தான் போகிறோம்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். குறுக்குத் தீவு என்ற புதிய எம்ஆர்டி ரயில்பாதையின் பொங்கோல் கிளை 2032-இல் வரும் என்பது திட்டம். பாசிர் ரிஸ், எலியாஸ், ரிவியேரா, பொங்கோல். ரிவியேரா உங்களுக்கு அடுத்த நிறுத்தம். பாசிர் ரிஸ் பக்கம் போகிற கூட்டம் அன்றைக்கு அங்கேயே பிரிந்துவிடும்.


பேருந்துப்_பிரியன் எழுதியது:

2032-ஐ நம்பி இன்றைக்கு விலை கொடுக்காதீர்கள். தரகர்கள் வாயில் அது நேற்றே திறந்துவிட்டது. கணவர் சொல்வதில் எனக்கு உடன்பாடு. தினமும் மாறுகிறவர் அவர்தான், அத்தை வாரத்துக்கு ஒரு நாள். ஒரு மாற்றம் குறைந்தால் பழுது நேர்கிற இடமும் ஒன்று குறையும். செங்காங் வீட்டில் நடந்துபோனால் எல்ஆர்டி நின்றாலும் உங்களுக்குக் கவலை இல்லை.

கடலூரே வாங்கினால், எல்ஆர்டி நிற்கிற நாளுக்கு ஒரு மாற்று வழி இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் குறிப்பிட்ட நிறுத்தங்களில் வழக்கமான பேருந்துகளில் காசில்லாமல் ஏற விடுவார்கள். ஆனால் கூட்டம் மொத்தமும் அங்கேதான் நிற்கும்.


ரிவர்வேல்_சரோஜா எழுதியது:

தம்பி, ஓர் அறை குறைந்தால் அத்தை எங்கே படுப்பார்? அதையும் கணக்கில் சேருங்கள். மாற்றம் அலுப்புதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிற வயசு இல்லை அது.


மீனா_சிராங்கூன் எழுதியது:

அக்கா, அதையேதான் நேற்று ராத்திரி வீட்டில் பேசினோம். கடலூர்ப் பக்கம் சாய்கிறது. கடைசியாக ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள். தேக்காவில் வாங்குகிற மீனை ரயிலில் கொண்டுவரலாமா? சிராங்கூனில் இருக்கும்வரை பேருந்தில்தான் கொண்டுவந்தோம். அத்தைக்கு யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம்.


ரிவர்வேல்_சரோஜா எழுதியது:

தாராளமாக. டுரியான்தான் கூடாது. வண்டியிலும் நிலையத்திலும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளி வரை அபராதம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பையனுக்குக் கையில் பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். மீன் பிரச்சினை இல்லை, கடைக்காரரிடம் சொல்லி இரண்டு பையாகப் போட்டு வாங்குங்கள், கீழே தண்ணீர் சொட்டாமல் இருந்தால் போதும். சக்கரம் வைத்த சந்தைப் பை ஒன்று வாங்கிக் கொடுங்கள், முழங்காலுக்கும் நல்லது. லிட்டில் இந்தியா நிலையத்தில் பஃபலோ ரோடு பக்கத்து வாயில்தான் சந்தைக்குக் கிட்டே. ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளிக்கு முந்தின வாரமும் மட்டும் வேண்டாம், வாயிலைத் தாண்டவே நேரம் பிடிக்கும். செவ்வாயோ புதனோ ஒன்பது மணிக்குமேல் கிளம்பச் சொல்லுங்கள்.


அட்டைக்கணக்கு எழுதியது:

ஒன்பது மணிக்குமேல் என்றால் 7:45 கழிவு கிடைக்காதே, அக்கா.


ரிவர்வேல்_சரோஜா எழுதியது:

உட்கார இடம் கிடைக்கும், தம்பி.